ஆக்கிரமிப்பை அகற்றச் சொன்ன பொதுமக்கள் நாங்களே என்பது குறித்து

அனுப்புநர்:
காய்கறி வண்டிக்காரி
('சங்கு' என்று கேட்டால் யாரும் வழி காட்டுவார்கள்),
தகர வீடு, கால்வாய்க் கரை.

பெறுநர்:
நகராட்சி ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், மூன்றாம் மாடி.

பொருள்: எங்கள் வீடுகளை இடிக்கச் சொல்லி எங்களையே கூலிக்குக் கோஷம் போட வைத்த என் கொழுந்தனார் மீது நடவடிக்கை கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் தங்கள் அலுவலக வாசலில் நடந்த ஆர்ப்பாட்டத்தில் முன்வரிசையில் நின்று கோஷம் எடுத்துக் கொடுத்தவள் நான்தான். தெருத் தெருவாகக் கூவி விற்ற தொண்டை என்பதால் எனக்கு ஆலைச் சங்கின் பெயர். கட்சிக் கூட்டங்களுக்கு ஆள் சேர்த்து வேனில் ஏற்றிப்போகும் என் கணவரின் தம்பி, மைக் வாடகையை மிச்சம் பிடிக்க என்னை முன்னால் நிறுத்தினார்.

2. கூலி வாங்கினீர்களா என்று தாங்கள் கேட்கலாம். வாங்கினோம். ஒரு நாள் வண்டி தள்ளாவிட்டால் எங்கள் அடுப்பு எரியாது. சும்மா வெயிலில் காய நாங்கள் எந்தத் தலைவருக்கும் சம்பந்தி அல்ல. எந்தக் கட்சி என்றும் கேட்பீர்கள். கொழுந்தனாரின் வேனில் ஒரு சீட்டுக்கு அடியில் ஒரு கட்சிக் கொடியும் அடுத்த சீட்டுக்கு அடியில் எதிர்க்கட்சிக் கொடியும் இருக்கும். எது கைக்கு வருகிறதோ அதுவே அன்றைய கொள்கை.

3. அன்றைய கோஷம் "ஆக்கிரமிப்பை அகற்று" என்பது. அப்படியென்றால் என்ன என்று வேனிலேயே கேட்டேன். பெரிய ஆட்கள் வளைத்துப் போட்ட இடம் என்றார். எனக்கு ரத்தம் கொதித்தது. கூலிக்குக் கத்தியது பாதி, மனசாரக் கத்தியது பாதி. நாங்கள் இருக்கும் இடத்தை நாங்கள் வீடு என்றுதான் சொல்லுவோம், ஐயா. அதற்கு அரசாங்கத்தில் இப்படியொரு பெயர் இருப்பது எங்களில் ஒருத்திக்கும் தெரியாது.

4. போன வாரம் என் கதவில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பொதுமக்களின் கோரிக்கையை ஏற்று, கால்வாய்க் கரை ஆக்கிரமிப்புகள் வரும் வியாழக்கிழமை அகற்றப்படும் என்று அதில் இருந்தது. உள்ளே என் மகள் பச்சைக் குழந்தையோடு படுத்திருக்கிறாள். எந்தப் படுபாவி பொதுமக்கள் இப்படிக் கேட்டது என்று என் கணவர் கத்தினார். பத்திரிகையில் வந்த படத்தில் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது நான் என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்?

5. கொழுந்தனாரிடம் போய் நியாயம் கேட்டேன். எங்கள் கரையில் ஒரு பெரிய துணிக்கடைக்குக் கார் நிறுத்த இடம் வரப்போகிறதாம். அந்தக் கடைக்காரர் காசில்தான் அன்று வேன் ஓடியதாம். அவர் பல் குத்திக்கொண்டே, "கத்துனது நீங்க அண்ணி, நான் வேன் மட்டும்தான் ஓட்டுனேன்" என்றார். அவருடைய மாடி வீட்டின் சமையலறை கால்வாய்த் தண்ணீருக்கு மேலேதான் நிற்கிறது. அந்தக் கதவில் நோட்டீஸ் இல்லை. அவரை 'ர்' போட்டு எழுதுவதே எனக்குக் கசக்கிறது. மனுவில் மரியாதை வேண்டும் என்று, இதை எனக்கு எழுதித் தருபவர் பிடிவாதம் பிடிக்கிறார். நான் சொன்ன வேறு சில வார்த்தைகளையும் அவர் எழுத மறுத்துவிட்டார்.

6. ஆகவே எங்கள் வீடுகளை இடிப்பதை நிறுத்த வேண்டுகிறேன். இடித்தே தீர்வதென்றால், முதல் அடி அந்தச் சமையலறையில் விழ வேண்டும். அவர் வாசலில் நின்று அதை நான் கண்குளிரப் பார்க்க வேண்டும். அவரைச் சிறையில் போடச் சொல்லவில்லை. வெளியே இருந்து பார்த்துக்கொண்டே இருக்கட்டும்.

7. வியாழன் காலை அவர் வீட்டு முன் ஆர்ப்பாட்டம் செய்ய அனுமதி கோருகிறேன். ஆட்கள் அதே ஆட்கள், கோஷமும் அதே கோஷம். கூலி கிடையாது, வேன் கிடையாது, நடந்தே வருகிறோம். பொதுமக்களின் குரல் மூன்றாம் மாடி வரை கேட்டது, அதனால் நடவடிக்கை எடுத்தேன் என்று தாங்கள் பத்திரிகையில் சொல்லியிருந்தீர்கள். அது என் குரல்தான், ஐயா. வியாழக்கிழமையும் தங்களுக்குக் கேட்கும்.

இடம்: கால்வாய்க் கரை (வியாழன் வரை)
நாள்: செவ்வாய்க்கிழமை

இப்படிக்கு,
தங்கள் நோட்டீசில் உள்ள பொதுமக்கள்
(இடது கைப் பெருவிரல் ரேகை)