மூன்றாவது ஷெட்டுக்கு மட்டும்

ஃபேர்லேண்ட்ஸ், சேலம்
பங்குனி, திங்கட்கிழமை

அன்புள்ள ஜெகதீஸ்வரா,

நலம். டப்ளின் குளிரில் நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். வாட்ஸ்அப்பில் கேட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறாய். அதனால்தான் இந்த நீளமான மெயில். முழுக்கப் படி.

பரமத்தி வேலூர் சென்னம்மாள் அக்காவின் கோழிப்பண்ணையில் நான்காவது ஷெட் எழும்பிவிட்டது. சித்திரை பிறந்ததும் அதிலும் மூன்றாவதிலும் குஞ்சு இறக்குகிறார்கள். அதற்குள், ஃபேன்களை ஓட்டும் நம் புரோகிராமில் புது ஷெட்டைச் சேர்க்க வேண்டும். சின்ன வேலைதான் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பிறகுதான் நீ எழுதியதைத் திறந்து பார்த்தேன்.

நீ வைத்த பேர்கள்: டெம்ப்1, டெம்ப்2, புது டெம்ப், கடைசி டெம்ப். இதில் எது ஷெட்டின் சூடு, எது நீ சும்மா வைத்துக்கொண்டது? எல்லா வேலையும் பிரிக்காமல் ஒரே ஃபங்ஷனில். சேலத்தில் ஏறினால் பரமத்தி வேலூர் வரைக்கும் இறங்க ஒரு ஸ்டாப் கிடையாது. புதிதாகச் சேர்ந்திருக்கும் கயல்விழி வெகுநேரம் முறைத்துப் பார்த்துவிட்டு, "பாஸ்வேர்டு வெக்கிற மாதிரியே பேரு வெச்சிருக்காருங்கண்ணா" என்றாள். சிரித்தேன். அப்புறம் உன்மேல் கோபம் வந்தது, என்மேலும்தான். பக்கத்து நாற்காலியில் நீ இருந்தவரை, புரியாவிட்டால் திரும்பிக் கேட்டுக்கொண்டேன். டிக்கெட் போட்ட பிறகுதான் போகிறேன் என்றே சொன்னாய். இப்போது அந்த நாற்காலியில் கயல்விழி.

எல்லாவற்றையும் மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். பேரைப் படித்தாலே சமாச்சாரம் தெரிய வேண்டும். ஃபேனைப் போடுவது ஒரு ஃபங்ஷன், அலாரம் அடிப்பது வேறொன்று. பிறகு தேவைப்படலாம் என்று நீ ஓடாதபடி மூடிவைத்திருந்த பழைய வரிகளைத் துடைத்துவிட்டேன். கயல்விழி படித்துப் புரியாவிட்டால் எழுதியவன் தப்பு. அதுதான் இப்போது ஆபீஸ் சட்டம்.

ஒரே ஒரு வரியில்தான் முட்டிக்கொண்டு நிற்கிறேன். மூன்றாவது ஷெட்டில் மட்டும் ஃபேன்கள் இரண்டு டிகிரி முன்னாலேயே ஓட ஆரம்பிக்கின்றன. என்ன செய்கிறது என்று வரியே சொல்கிறது. ஏன் என்று எங்கேயும் இல்லை. காற்றைக் குளிர்விக்கும் ஈரத்திரைக்குப் பக்கத்தில் இருந்த சென்சார் சூட்டைக் குறைத்துக் காட்டியதாலா? அப்படியானால் சென்சாரை இடம் மாற்றியாயிற்று, வரியை எடுத்தே ஆக வேண்டும். குஞ்சுக்குக் காற்று அதிகமானால் விறைத்துப்போகும். இல்லை, மேற்கு வெயில் முழுக்க அந்த ஷெட்டில் இறங்குவதாலா? அப்படியானால் எடுத்த அன்றைக்கு மத்தியானமே குஞ்சுகள் சாகும்.

அக்காவைக் கேட்டேன். நீ ஒரு நாள் முழுக்க உள்ளே நின்று பார்த்துவிட்டுப் போட்டது என்பதற்கு மேல் அவருக்கும் தெரியவில்லை. "ஏஞ்சாமி, அந்தத் தம்பி சீமையில ஃபோன எடுக்கலீன்னா என்ற கோழிக்குக் காத்து வராதுங்களா?" என்று கேட்டார். வரும்க்கா என்று சித்திரைக்குள் சொல்லப்போகிறேன்.

காரணத்தை ஒரே வரியில் எழுதி அனுப்பு. உன் வார்த்தையிலேயே, உன் பேரோடு, அந்த வரிக்கு மேலே போடுகிறேன். ஞாபகம் இல்லையென்றால் இல்லை என்றே எழுது. நானும் போய் அங்கே ஒரு நாள் நிற்கிறேன். ஊகித்து எதையும் நிரப்பமாட்டேன்.

நீ கிளம்பிய விஷயத்திலும் இதுவரை எதையும் ஊகிக்கவில்லை. முதலில் மூன்றாவது ஷெட். மற்றதை எழுத வரும்போது எழுது. எப்போது எழுதினாலும் முழுக்கப் படிப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
சித்தார்த்