மூன்றாவது பிளக்கில் வைத்த பொட்டு

ராவுத்தரே,

மூத்த பேரன் வக்கீல் பரீட்சை தேறிவிட்டான். இளையவன் ரங்கூன் கடைக்குப் பொறுப்பேற்றுவிட்டான். பேத்தி வகுப்பில் முதல். நான் ஐந்தாவதோடு நின்றேன், அவளை நிறுத்த விடமாட்டேன். நீங்கள் இருந்திருந்தால், கார்க் கதவைத் திறக்கும்போதே இதையெல்லாம் சொல்லியிருப்பேன்.

இன்று ஆயுத பூஜை. சந்தனக் கிண்ணத்தோடு கார் பக்கம் போனேன். பெட்ரோலும் சந்தனமும் கலந்த அந்த வாசனையில், கார் வந்த முதல் வருசம் கண்ணில் நின்றது.

அன்று பூஜை முடிந்த கையோடு என் மகளுக்கு வலி கண்டது. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, திருப்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் இரண்டு உயிரும் பிழைக்கும் என்று மருத்துவச்சி சொல்லிவிட்டாள். நீங்கள்தான் ஓட்டினீர்கள். இளையாத்தங்குடி தாண்டியதும் எஞ்சின் திக்கியது. ஒவ்வொரு உலுக்கலுக்கும் மகள் "ஆத்தா!" என்று என் கையைப் பிறாண்டினாள்.

"மாட்டு வண்டி பாக்கவா ராவுத்தரே?"

"அது போய்ச் சேரப் பொழுது சாஞ்சிரும். செத்த பொறுங்க ஆச்சி."

எஞ்சினை ஓடவிட்டே மூடியைத் திறந்தீர்கள். மரப்பிடித் திருப்புளியால், பொறி போடும் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் பக்கத்து இரும்போடு சேர்த்துத் தொட்டீர்கள்; தொட்ட பிளக் அந்த நேரம் பொறி போடாது. முதலாவதைத் தொட்டதும் சத்தம் இன்னும் தளர்ந்தது. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதைத் தொட்டபோது சத்தம் மாறவே இல்லை.

"தொட்டாலும் தொடாட்டியும் ஒண்ணுன்னா, இவந்தான் வேலை செய்யாதவன்" என்று குனிந்தவர், நிமிர்ந்து என்னைப் பார்த்தீர்கள். "இதுல எதுக்குப் பொட்டு வச்சீக?"

அந்தப் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில், பன்னீர் விட்டு நான் குழைத்த சந்தனம், தலையிலிருந்து அடி இரும்புவரை வழிந்திருந்தது.

"சக்கரம், விளக்கு எல்லாத்துக்கும் வச்சேன். எஞ்சினை மட்டும் விடலாமா? கைக்கு எட்டுன ஒண்ணுல வச்சேன்."

"காருக்கு முன்னாடி அம்புட்டுப் பெரிய நெத்தி இருக்கே ஆச்சி! உள்ள விழ வேண்டிய பொறி, ஒங்க சந்தனத்துல இறங்கி வெளிய ஓடுது."

எஞ்சினை நிறுத்தினீர்கள். நான் முந்தானையைச் சுருட்டினேன்.

"சுடும் ஆச்சி, விடுங்க."

"வச்சது நான். நானே எடுக்கிறேன்."

விரல் கொப்பளித்தது, பீங்கான் வெளுக்கும்வரை விடவில்லை. நீங்கள் காரைக் கிளப்பும் கைப்பிடியைச் சுழற்றினீர்கள். எஞ்சின் ஒரே சீராய் ஓடியது. விளக்கு வைக்கும் முன்பே, ஆஸ்பத்திரியில் மகளையும், இன்று வகுப்பில் முதல் வரும் பேத்தியையும் உயிரோடு பார்த்தேன்.

அதன்பின் எது கோளாறானாலும் நான் மொத்தத்தையும் பழிப்பதில்லை. ஒவ்வொன்றாய்த் தொட்டுப் பார்க்கிறேன், என் கை வைத்ததையும் சேர்த்து. போன மாதம் கார் திக்கியபோது, மதுரைப் பட்டறைக்கு அனுப்பிவிடலாம் என்றார் புது டிரைவர். "முதல்ல ஒண்ணொண்ணாத் தொட்டுப் பாருங்க" என்றேன். நாலாவதில் கரி.

உங்கள் மகன் பினாங்கில் லாரி ஓட்டுகிறாராம். புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் போடச் சொல்லி எழுதியிருக்கிறேன். நாற்காலியில் உட்கார்ந்து வேண்டாம்; எஞ்சின் மூடியைத் திறந்து குனிந்து நிற்கட்டும். உங்களை நான் அப்படித்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.