இருவர் அறை

மார்ச் 4

அன்புள்ள உனக்கு,

நலமா என்று கேட்கவே வாய் கூசுகிறது. பிரிந்து பதினோரு வருஷம் கழித்து எழுதுகிறேன். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. இனி துணையில்லாமல் எழுந்திருப்பது சந்தேகம்தான் என்கிறார் டாக்டர். முதியோர் இல்லம் ஒன்று விசாரித்திருக்கிறேன்; விலாசம் இதோடு வைத்திருக்கிறேன். வீட்டை விற்றால்தான் பணம் கட்ட முடியும். வீடு நம் இருவர் பேரிலும் இருக்கிறது. உன் கையெழுத்து வேண்டும்.

இன்னொன்று. அங்கே கணவன் மனைவிக்கென்று இருவர் அறை இருக்கிறது. தனி ஆளுக்கு ஆவதைவிடச் செலவு குறைவு. நீயும் தங்கை வீட்டுப் பின் அறையில் எத்தனை நாள் தையல் மிஷினை மிதிப்பாய்? யோசித்துப் பார்.

இப்படிக்கு,
உன் லிஃப்ட் மெக்கானிக்

மார்ச் 11

மெக்கானிக் அவர்களுக்கு,

செய்தி கேட்டு மனசு ஒரு மாதிரி ஆகிவிட்டது. நேற்றே அந்த இல்லத்துக்குப் போய்ப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருக்கிறது. “அதெப்படிம்மா, ஒருத்தரைவிட ரெண்டு பேருக்குக் கம்மி?” என்று மேலாளரிடம் கேட்டேன். “தனியா இருந்தா உதவியாளுக்குத் தனியா கட்டணும். வீட்டம்மா கூட இருந்தா அவங்களே பாத்துக்குவாங்கல்ல?” என்று சிரித்தாள்.

புரிந்துவிட்டது. அந்தத் தள்ளுபடியே நான்தான்.

உங்கள் அம்மா படுக்கையில் கிடந்த ஐந்து வருஷமும் தூக்கி, துடைத்து, திருப்பிப் போட்டவள் நான். அடுத்த அறையில் நீங்கள் பேப்பர் படித்தீர்கள். இன்னொரு தடவை என்னால் முடியாது.

தையல்காரி

மார்ச் 16

அன்புள்ள உனக்கு,

கோபப்படாதே. செலவை மட்டும்தான் பார்த்தேன். தூக்கமே வருவதில்லை. “தாத்தா, எப்போ கிளம்புறீங்க?” என்று ஆஸ்பத்திரி நர்ஸ் தினமும் கேட்கிறாள். வீடு வாங்குகிறவரோ, “வேற எடம் பாத்துக்கட்டுமா சார்?” என்று மிரட்டுகிறார். அறை பேச்சை விட்டுவிடுகிறேன். கையெழுத்துப் போட்டு உன் பாதியையும் விட்டுக்கொடுத்தால் கடைசிவரை சமாளித்துவிடுவேன். உடனே பதில் போடு.

மெக்கானிக்

மார்ச் 22

மெக்கானிக் அவர்களுக்கு,

கையெழுத்துப் போட்டுவிட்டேன். பாதியை விட்டுக்கொடுக்கவில்லை.

“பாவம்க்கா, படுத்துக் கிடக்கார், குடுத்துடேன்” என்றாள் தங்கை. “நான் படுத்தா யாரு குடுப்பா?” என்று கேட்டேன். எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. ஊசியில் நூல் கோக்கவே எனக்கு இப்போது இன்னொருவர் கண் வேண்டியிருக்கிறது.

உங்கள் பங்கு தீர்ந்த பிறகு என்ன என்று கேட்காதீர்கள். எனக்கும் தெரியவில்லை. அதை நினைத்து நானும் புரண்டு புரண்டுதான் படுக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தையல்காரி

ஏப்ரல் 9

அன்புள்ள தையல்காரிக்கு,

இல்லத்துக்கு வந்துவிட்டேன். நான்கு பேர் தங்கும் அறை. ஜன்னல் பக்கம் கேட்டேன், கதவுப் பக்கம்தான் கிடைத்தது. இங்குள்ள லிஃப்டின் சத்தம் சரியில்லை. சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை.

இன்று காலை என்னைத் தூக்கிச் சக்கர நாற்காலியில் உட்கார வைக்க இரண்டு ஆட்கள் வந்தார்கள். வாட்டசாட்டமானவர்கள். இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. என்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உன் பாதியைப் பத்திரமாக வைத்துக்கொள். யார் கேட்டாலும் கொடுக்காதே.

நான் கேட்டாலும்.

மெக்கானிக்