விவாதத்திற்குப் பின் ஏற்கப்பட்டது

ஏப்ரல் 28, திங்கள்

காலை முழுவதும் தூறல். தடித்த ஜாக்கெட்டைப் பெட்டியில் போட்டது அவசரப்பட்ட வேலை. மறுபடி வெளியே எடுத்தாயிற்று.

புது ஒப்பந்த வேலை, முதல் நாள். இந்த ஊர் நகர சபையின் 1930களின் கூட்டக் குறிப்புகள். பழைய பிரெஞ்சு அச்சை இயந்திரம் படித்துத் தருகிறது, அது தப்பாகப் படித்ததை நான் திருத்த வேண்டும். வீட்டிலிருந்தே. பிரெஞ்சு வகுப்பில் உட்கார்ந்து தேய்த்த பெஞ்சுக்கு இதுவாவது பலன்.

இன்று வந்தவை:
- வேலையில்லாத குடும்பங்களுக்கு நிலக்கரிச் சீட்டு.
- பனி அள்ள ஆட்கள். கல்யாணமானவர்களுக்கு முன்னுரிமை.
- ஐஸ் வண்டிக்காரரின் குதிரை நடைபாதையைக் கெடுக்கிறது என்று புகார். குதிரைக்காக இரண்டு கூட்டம்!
- பூங்காவில் விசில் ஊதக் கூடாது. (யார் ஊதினார்கள்? எதற்கு?)

பொருளாதார மந்த காலம் என்றால் தொப்பி போட்ட ஆண்கள், சூப்புக்கு வரிசை, அவ்வளவுதான் என் தலையில் இருந்தது. குதிரையும் விசிலும் இருந்திருக்கும் என்று தோன்றியதே இல்லை.

ஓர் உறுப்பினர், எது வந்தாலும் எழுந்து "அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம்" என்கிறார். ஒத்திவைப்பு ஐயா என்று பெயர் வைத்துவிட்டேன். இனி ஒ.ஐ.

கறிவேப்பிலை தீர்ந்துவிட்டது.

ஏப்ரல் 30, புதன்

வெயில். ஆனால் காற்று.

கீழ் வீட்டு மலர் அக்கா மத்தியானம் மேலே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், இங்கே வந்து ரொம்பக் காலம். வீட்டிலேயே கார்டரி, அதாவது குழந்தைகள் காப்பகம், நடத்துகிறார், ஆறு சின்னப் பிள்ளைகள். பிள்ளைகள் தூங்கும் நேரம், மகளைக் காவலுக்கு வைத்துவிட்டு வந்திருந்தார். உட்காரவில்லை.

"வித்யா, பார்க்கில இருக்கிற அந்தக் கல்லுக் கட்டடத்த இடிக்கப் போறாங்களாம். கதவில அறிவித்தல் ஒட்டிக் கிடக்கு."

பூங்கா ஓரத்துப் பொதுக் கழிப்பறை. போன இலையுதிர் காலத்தில் பூட்டியது, இன்னும் திறக்கவில்லை.

போன வாரம் மலர் அக்காவின் பிள்ளைகளில் ஒருவன், எமில், அடக்க முடியாமல் மரத்தடியில் போய்விட்டானாம். யாரோ முறையிட, கார்டரிகளைப் பார்க்கும் அதிகாரி வந்துவிட்டார்.

"இன்னொரு முறைப்பாடு வந்தா பார்க்குக்குக் கூட்டிக்கொண்டு போகேலாது எண்டு சொல்லிப்போட்டினம். நாள் முழுக்க ஆறு பேரையும் என்ர ஹோலுக்குள்ள வச்சு என்ன செய்யிறது? தாய் தகப்பன்மார் வேற இடம் பாப்பினம்."

மலர் அக்காவை நான் இவ்வளவு பதறிப் பார்த்ததில்லை. டீ போட்டேன். குடிக்காமல் போய்விட்டார்.

மே 1, வியாழன்

மேகம். பக்கத்து வீட்டில் கூரை வேலை, ஒரே சத்தம்.

ஒரு சந்தேகம். அந்தக் கட்டடத்தின் கல் பழசு. என் கோப்புகளில் பூங்காவின் பெயரைப் போட்டுத் தேடினேன். அந்தக் கழிப்பறை அதில் இருக்கிறது!

வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்கக் கட்டியது. வரைபடத்தில் ஆண்கள் பக்கம் மட்டும். பெண்களுக்கும் வேண்டும் என்று யாரோ மனுக் கொடுக்க, ஒ.ஐ. எழுந்து ஒத்திவைத்தார். அடுத்த கூட்டம், ஒத்திவைத்தார். அதற்கடுத்தது, மறுபடி. பிறகு ஒரு கூட்டத்தில் அவரே எழுந்து, பெண்கள் பக்கமும் சேர்த்தே கட்ட வேண்டும் என்று முன்மொழிகிறார். கீழே ஒரே வரி: "விவாதத்திற்குப் பின் ஏற்கப்பட்டது."

என்ன விவாதம்? மனிதர் ஏன் மாறினார்? மனைவி ஏதாவது சொன்னாரா? பூங்காவுக்குப் போய்ப் பார்த்தாரா? ஒரு சொல் இல்லை. மேலேயும் கீழேயும் பத்துப் பக்கம் தேடினேன். நாய் லைசன்ஸ், சாக்கடை மூடி.

மேற்பார்வையாளர் ஜோஸ்லினிடம் போனில் கேட்டேன். சிரித்தார். "முடிவைத்தான் எழுதுவாங்க வித்யா. காரணத்தை எழுதினா புத்தகம் கொள்ளாது." நகரத்தின் வேலையைச் செய்துகொண்டே, இடிப்பது பற்றி நகரத்தின் சபையில் போய்க் கேள்வி கேட்கலாமா என்றும் கேட்டேன். "கேள்வி எல்லாருக்கும் பொது. போங்க."

மே 4, ஞாயிறு

இங்கே மழை. மேற்குப் புறநகர் டொலார்டில் நல்ல வெயிலாம், அங்குள்ள முருகன் கோயிலுக்குப் போய்வந்த மலர் அக்கா சொன்னார். விபூதியும் ஒரு டப்பா புளியோதரையும் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை பகுதிச் சபைக் கூட்டம். பெயர் எழுதிப் போட்டால் குலுக்கி எடுப்பார்கள். பெயர் வந்தால் ஒரு கேள்வி கேட்கலாம்.

"நீர் எழுதித் தாரும், நான் கதைக்கிறன்" என்றார். எழுதினேன். மந்த காலம், வேலையில்லாதோர், பெண்கள் பக்கத்துக்காக நடந்த இழுபறி, எல்லாவற்றையும் சேர்த்து, நல்ல பிரெஞ்சில். எனக்கே பெருமை.

அவர் அடுப்படியில் நின்று வாய்விட்டுப் படித்தார். பாதியில் நிறுத்தினார்.

"இது ஆர்?"

"அந்தக் காலத்து மெம்பர் அக்கா. அவர்தான் முதல்ல வேணாம்னு..."

"செத்துப் போன ஆக்களின்ர கதை எனக்கெதுக்கு? எமிலுக்கு மூத்திரம் முட்டுது. அதத்தான் சொல்ல வேணும்."

"வரலாறு சொன்னாத்தான் இடிக்க யோசிப்பாங்க அக்கா."

"ம்" என்றார். தாளை மடித்து வைத்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் கோபம். புளியோதரை நன்றாக இருந்தது என்று சொல்லாமல் வந்துவிட்டேன்.

மே 6, செவ்வாய்

தெளிந்த மாலை. கூட்டம் போய்வந்தோம். சூடு ஆறுமுன் எழுதுகிறேன்.

முதலில் ஒருவர் பார்க்கிங் பற்றி. ஒருவர் அணில் பற்றி. (குதிரை போய் அணில் வந்திருக்கிறது.) பிறகு மலர் அக்காவின் பெயர். எழும்போது என் கையைப் பிடித்தார்.

தாளை விரித்து என் முதல் வாக்கியத்தைப் படித்தார். மேடையில் யாரும் நிமிரவில்லை. ஒருவர் போனில் இருந்தார். தலைவர், பழைய குழாய்கள், செலவு, ஆராய்ந்து வருகிறோம், நன்றி என்றார்.

மலர் அக்கா நகரவில்லை. தாளை மடித்துக் கைப்பைக்குள் போட்டார். அவருடைய அடுப்படி பிரெஞ்சில் சொன்னது, என் தமிழில்:

"மிஸ்யூ, மூன்று வயதுப் பிள்ளைக்கு அவசரம் வரும்போது, 'ஆராய்ந்து வருகிறோம்' என்று சொன்னால் அடக்கிக்கொள்ளுமா?"

சபை சிரித்தது. மலர் அக்கா சிரிக்கவில்லை. "வயதான பெண்கள் இருக்கிறார்கள். மாசமான பெண்கள் இருக்கிறார்கள். பூங்காவுக்கு வராதே என்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. கதவை மட்டும் பூட்டிவிட்டீர்கள்."

நேரம் முடிந்தது என்றார்கள். வந்து உட்கார்ந்தார். என் வாக்கியங்கள் அவருக்குத் தேவைப்படவே இல்லை. அந்த நேரத்தில் அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

வெளியே வரும்போது மேடையிலிருந்த ஒரு பெண் உறுப்பினர் பின்னாலேயே வந்தார். நரைத்த குட்டை முடி, கையில் சைக்கிள் ஹெல்மெட். கூட்டம் முழுக்க வாய் திறக்காதவர். "காலையில் எத்தனை மணிக்குப் பூங்காவுக்குப் போவீர்கள்?" அவ்வளவுதான் கேட்டார்.

மே 7, புதன்

வெயில், சூடு. இன்றைய வேலையைத் தள்ளிவைத்துவிட்டுப் பூங்காவுக்குப் போனேன். இதைத் தவறவிட முடியுமா?

உறுப்பினர் அம்மா சைக்கிளில் வந்தார். பூட்டைப் பார்த்தார். சுற்றி நடந்தார். மலர் அக்கா வாய் திறக்குமுன் எமில் கால்களைப் பின்னிக்கொண்டு நின்றான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, சத்தியமாக.

"எங்கே கூட்டிப் போவீர்கள்?" என்றார் அந்த அம்மா.

"நீங்கள் சொல்லுங்கள் மதாம்" என்றார் மலர் அக்கா.

அந்த அம்மா எமிலின் கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்து காபிக் கடைக்கு ஓடினார். ஹெல்மெட் தலையிலேயே இருந்தது. மலர் அக்காவும் மற்ற ஐந்து பேரையும் ஒரே கயிற்றைப் பிடித்து நடக்கவைத்தபடி தெரு ஓரம் வரை பின்னால். திரும்பி வரும்போது அம்மாவின் கையில் காபி. எமிலின் கால்சட்டை நனைந்திருந்தது.

"ஏதாவது வாங்கினால்தான் கழிப்பறைச் சாவி தருவார்களாம்" என்றார். "வரிசை நீளம்."

எமிலுக்கு மாற்று உடை போடும் வரை அவர் துண்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். போகும்போது காபியைக் குடிக்காமல் குப்பைத் தொட்டியில் போட்டார்.

மலர் அக்கா: "பாவம் அவ. முகத்தப் பாத்தனீரா?"

மே 22, வியாழன்

மறுபடி குளிர். தும்மல்.

செய்தி வந்தது. இடிப்பது ஒத்திவைப்பு, வருகிற வசந்தம் வரை. குழாயைப் பழுதுபார்த்து இந்தக் கோடைக்குத் திறப்பார்கள். யார் முன்மொழிந்தது என்று கேட்கத் தேவையில்லை.

ஒத்திவைப்பு! அந்தச் சொல்லை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன். ஒ.ஐ. பற்றி மறுபடி யோசனை. ஒருவேளை, ஆண்கள் பக்கம் மட்டும் என்ற வரைபடம் நிறைவேறிவிடாமல் இருக்கத்தான் தள்ளித் தள்ளிப் போட்டாரோ? மாறவே இல்லையோ? முதலிலிருந்தே அதுதான் எண்ணமோ? தெரியாது. தெரியப்போவதும் இல்லை. ஆனாலும் விட மனமில்லை.

மலர் அக்கா இனிப்பு வாங்கி வந்தார். "உம்மட செத்த ஆளும் நல்லவர்தான் போல" என்றார். புளியோதரை பற்றிச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 4, புதன்

முதல் உண்மையான கோடை நாள். கதவு திறந்திருக்கிறது!

மலர் அக்கா, ஆறு பிள்ளைகள், நான், வரிசையாகப் பெண்கள் பக்கம் போனோம். உள்ளே குளிர்ச்சி, புதுப் பெயின்ட் வாசம்.

கை கழுவும் தொட்டி அருகில் ஒரு பெண். ஐம்பது வயது இருக்கும். காலடியில் மூன்று பைகள், சுருட்டிய போர்வை. தலையைக் குழாய்க்கடியில் நீட்டிக் கூந்தலை அலசிக்கொண்டிருந்தார், அவசரமே இல்லாமல். எங்களைப் பார்த்ததும் பதறிப் பைகளை இழுத்தார்.

"பொறுங்கோ பிள்ளையள்" என்றார் மலர் அக்கா. "அவ முடிக்கட்டும்." பிறகு அந்தப் பெண்ணிடம் பிரெஞ்சில், மெதுவாகச் செய்யுங்கள் என்றார். கைப்பையிலிருந்து எமிலின் துண்டை எடுத்து நீட்டினார்.

அந்தப் பெண் தலையைத் துவட்டினார். ரொம்ப நேரம். பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். துண்டை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கேட்டார்:

"குளிர்காலத்திலும் திறந்திருக்குமா?"

மலர் அக்கா என்னைப் பார்த்தார். வந்த செய்தியில் கோடைக்கு என்று மட்டும்தான் இருந்தது.

அடுத்த கூட்டம் ஜூலை முதல் வாரம். பெயர் கொடுக்க வேண்டும், இந்த முறை நானும்.