ஏழாம் படுக்கை தூங்கியது

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? புனோ குளிரில் விடியற்காலையில் சந்தைக்குப் போகாதே. லிமாவில் நான் நலம். நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

ஒரு நல்ல சேதி. ஐ.சி.யு. நோயாளிகள் தூக்க மருந்து இல்லாமலே தூங்க வழி செய்துவிட்டோம். ராத்திரியில் விளக்கை மங்கலாக்கினோம். கருவிகளின் மணி தலைமாட்டில் அலறாமல், நர்ஸ் மேசையில் மட்டும் அடிக்கும்படி நான் மாற்றினேன். தலைமை நர்ஸ் எர்மெலிந்தா லேசில் விடவில்லை.

"ஏம்ப்பா இன்ஜினியர், மணி கேக்காம யாராவது செத்தா நீயா வந்து பதில் சொல்லுவ?"

மூன்று நாள் பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு மணியையும் அடித்துக் காட்டிய பிறகுதான் சம்மதித்தாள்.

ஏழாம் படுக்கையில் பஸ் டிரைவர் எலாதியோ ஐயா. நான்கு நாளாகத் தூக்கமின்றிக் குழாய்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தவர் நேற்று ஆறு மணி நேரம் தூங்கினார். விழித்ததும் எர்மெலிந்தாவிடம், "இவ்ளோ அமைதியா இருக்கவும் செத்துட்டேன்னு நெனச்சேன். உன் மூஞ்சியப் பாத்ததும், சொர்க்கம் இல்லன்னு தெரிஞ்சுபோச்சு!" என்றார்.

அவள் சிரித்தபடி எல்லோர் முன்னாலும் என் முதுகில் தட்டினாள். பெருமையாக இருந்தது அம்மா.

போன வருஷம் தங்கை யானெத் படுத்திருந்ததும் அதே படுக்கைதான். "மெஷின் ரிப்பேர் பண்றவன்தானே நீ? இந்தச் சத்தத்த நிறுத்தேன்" என்று கேட்டாள். அவள் கடைசி மூச்சுவரை என்னால் நிறுத்த முடியவில்லை.

பாவாடை தைத்து மிஞ்சும் கறுப்புத் துணியில், நோயாளிகளுக்குக் கண்ணில் கட்டப் பன்னிரண்டு பட்டை தைத்து அனுப்பு. பதின்மூன்றாகவே தைத்துவிடு. ஒன்று எனக்கு.

எர்மெலிந்தா கூப்பிடுகிறாள், ஓடுகிறேன்.

உன் மகன்,
வில்பெர்