பங்களாவுக்குக் கல் பதித்த காலம்

போன வாரம் நம் மகன் என்னைச் சுங்கைப் பட்டாணியில் ஒரு கல் கடைக்கு அழைத்துப் போனான். வீட்டை இடித்துப் பெரிதாக்குகிறான். அடுப்படி மேடைக்கும் முன்கூடத் தரைக்கும் கல் போட வேண்டுமாம். கடை முழுக்க அறுத்த கல்லைப் பலகை பலகையாகச் சாய்த்து வைத்திருந்தார்கள். கடைக்காரச் சீனர் ஒரு வாளித் தண்ணீரை எடுத்து ஒரு சாம்பல் நிறக் கல்லின் மேல் ஊற்றினார். நனைந்தால்தான் கல்லின் உண்மையான நிறம் தெரியும் என்று மலாயில் சொன்னார். ஈரக் கல்லின் வாசனை மூக்கில் ஏறியதும் நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன்.

"எதும்மா வேணும்? நீங்கதான சமைக்கறீங்க. நீங்களே பார்த்து ஒன்னு எடுங்க," என்றான் மகன்.

"என்னை எடுக்கச் சொல்லாதப்பா," என்று சொல்லிவிட்டு வெளியே வந்து கார் பக்கத்தில் நின்றுகொண்டேன். வெயில் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அவன் நினைத்துக்கொண்டான். அவனிடம் என்னத்தைச் சொல்வது? நீங்கள் போய் இத்தனை வருஷமாகியும் இதைப் பேச உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை. உங்களோடும் நான் முழுசாகப் பேசியதில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சுங்கை லாலாங் பக்கத்துத் தோட்டத்தில் நாம் இருந்த காலம். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் வெள்ளைக்காரத் துரை பங்களாவைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் தெற்கே ஓடிவிட்டார். ரப்பர்ப் பால் வாங்க ஆள் இல்லை. மரத்தைச் சாய்த்த இடத்திலெல்லாம் மரவள்ளி நட்டு அதையே அவித்துத் தின்றோம். தோட்டத்தில் கால்வாய் உடைந்தாலும் பால் கொட்டகைத் தரை பெயர்ந்தாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். ஊரில் உங்கள் அப்பா கல்வேலை செய்தவர் என்பதால் கல்லும் உங்களுக்குக் கைவந்திருந்தது. என் தம்பி மாரிமுத்து நம்மோடு இருந்தான். அம்மாவும் அப்பாவும் ஒரே காய்ச்சலில் போன பிறகு அவனை நான்தான் வளர்த்தேன். மீசை அரும்பியும் அரும்பாமலும் இருந்த வயசு.

துரை பங்களாவில் ஒரு ஜப்பானிய அதிகாரி வந்து குடியேறினான். பங்களாவின் வெராந்தாப் பலகையையும் குளியலறைப் பலகையையும் கரையான் அரித்திருந்தது. ஒரு நாள் குளிக்கப் போனவன் கால் பலகைக்குள் இறங்கிவிட்டது. இரண்டு இடத்திலும் பலகையைப் பெயர்த்துவிட்டுக் கல் பதிக்க வேண்டும், குளியலறையில் பெரிய தொட்டி வைத்து வெந்நீரில் உட்கார வேண்டும் என்று சொல்லிவிட்டான். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி, வரிசை வீடுகளாய் இருந்த நம் லயத்துக்கு உங்களைத் தேடி வந்தார்.

"முடியாதுன்னு மட்டும் சொல்லிடாதே. எனக்கும் சேர்த்து அறை விழும்," என்றார் அவர்.

"செய்யலாம் ஐயா. சிமெந்து கிடைக்காது. சுண்ணாம்புலதான் செய்யணும். கூட ரெண்டு ஆள் வேணும்," என்றீர்கள்.

மாரிமுத்துவையும் பக்கத்து வீட்டுக் கோவிந்தனையும் சேர்த்துக்கொண்டீர்கள். கோவிந்தனுக்கு மூன்று பிள்ளைகள், அவன் பெண்டாட்டி லெட்சுமிக்கு வயிற்றில் நாலாவது. நான் உங்களுக்குக் கிழங்கு அவித்து எடுத்துக்கொண்டு கூடவே வந்தேன். ஜெராய் மலையடியில் கல் உடைக்கிற இடத்துக்கு மாட்டு வண்டியில் போனது எனக்கு இன்றைக்கும் கண்ணுக்குள் இருக்கிறது. நீங்கள் ஒவ்வொரு கல்லையும் சுத்தியலால் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பீர்கள். மணிபோலச் சத்தம் வந்தால் வைத்துக்கொள்வீர்கள். மொத்தென்று கேட்டால் தள்ளிவிடுவீர்கள். பிறகு தண்ணீர் தெளித்து வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் தடவுவீர்கள். "கல்லுகிட்ட அவசரம் ஆகாது," என்று மாரிமுத்துவிடம் சொல்வீர்கள்.

அதிகாரியும் ஒரு நாள் வந்தான். நாம் எல்லோரும் குனிந்து நின்றோம். அவன் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றிவிட்டு, நீங்கள் பொறுக்கி வைத்த கல்லின் மேல் வெறுங்காலோடு ஏறி நின்றான். கண்ணை மூடிக்கொண்டான். வெள்ளை ரேகை ஓடிய கல்லெல்லாம் வேண்டாம் என்று கையை ஆட்டினான். கரும்சாம்பல் நிறத்தில் ஒரே சீராக இருந்ததைக் காட்டி "பாகுஸ்" என்றான். நல்லது என்பதற்கு அந்த ஒரு மலாய் வார்த்தைதான் அவனுக்கு வரும். அந்த நேரத்தில் அவனைப் பார்த்தால் யாரையும் அடிக்கிறவன் மாதிரி தெரியவில்லை. மறுநாளே சரியாகக் குனியவில்லை என்று கிராணியைக் கன்னத்தில் அறைந்தான்.

திரும்பும்போது வண்டியில் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு மாரிமுத்து சொன்னான்: "பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி கல்லு பார்க்கறான், மாமா." நீங்கள் அடக்கிக்கொண்டு சிரித்தீர்கள். கோவிந்தன் வாய்விட்டே சிரித்தான். அந்தச் சிரிப்புதான் நாம் நாலு பேரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு.

வெராந்தாவில் பாதி பதித்திருந்தீர்கள். அப்போதுதான் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் கேட்டு வந்தார்கள். மூன்று மாதம்தான், சம்பளம் உண்டு, அரிசி உண்டு என்றார்கள். முதலில் சிலர் நம்பிக்கூடப் போனார்கள். பிறகு யாரும் திரும்பி வராததைப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் ஒளிய ஆரம்பித்தார்கள். அப்புறம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஒரு சாயங்காலம் கிராணி மறுபடியும் நம் வீட்டு வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை.

"கல்லு வேலைக்கு நீ இருக்கலாமாம். கூட ஒரு ஆளை வெச்சுக்கலாமாம். மத்தவன் நாளைக்கு லாரியில ஏறணும். யாரு இருக்கணும்னு காலையில பெரட்டுல நீயே சொல்லிடு. எங்கிட்ட அந்தப் பொறுப்பைக் குடுக்காதே."

பெரட்டு என்றால் விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடம். விடிந்தால் நீங்கள் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும்.

அவர் போன பிறகு நான் உங்கள் முகத்தைப் பார்த்தேன். "இதுல யோசிக்க என்ன இருக்கு? தம்பிய வெச்சுக்கறேன்னு சொல்லிடுங்க," என்றேன். நீங்கள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தீர்கள். மாரிமுத்து கிழங்கை உரித்துத் தின்றுகொண்டிருந்தான். நீங்கள் அவன் பெயரைத்தான் சொல்வீர்கள் என்று அவனும் நம்பியிருப்பான். கொஞ்ச நேரத்தில் லெட்சுமி நிறைமாத வயிற்றோடு வந்து வாசலில் நின்றாள். கேட்க வந்ததைக் கேட்கவில்லை. "கொஞ்சம் உப்பு இருக்காக்கா?" என்றாள். நான் கொடுத்தேன். அதை வாங்கிக்கொண்டும் போகாமல் நின்றாள். நீங்கள் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டீர்கள்.

காலையில் பெரட்டுக் களத்தில் கிராணி கேட்டார். நீங்கள் தலையைத் தூக்காமல் சொன்னீர்கள்: "கோவிந்தன் இருக்கட்டும்."

எனக்கு முதலில் புரியவே இல்லை. மாரிமுத்து உங்களைத் திரும்பிப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். "அழாதக்கா. மூணு மாசந்தான," என்றான். வீட்டுக்குப் போய்த் துணி எடுத்துக்கொள்ளக்கூட விடவில்லை. கோவிந்தன் தன் தலைத்துண்டை அவிழ்த்து அவன் கையில் கொடுத்தான். லாரி மாட்டு வண்டி வேகத்தில்தான் மண் சாலையில் போனது. ஓடினால் பிடித்திருக்கலாம். பிடித்து என்ன செய்திருப்பேன்?

"அவனுக்குப் புள்ளைங்க இருக்கு," என்றீர்கள் வீட்டுக்கு வந்து.

"எனக்கு இருந்தது அவன் ஒருத்தன்," என்றேன்.

அதற்குப் பிறகு எத்தனை நாள் உங்களோடு பேசாமல் இருந்தேன் என்று தெரியாது. ஆனால் வேலைக்கு வராமல் இருக்க முடியவில்லை. கல்லைப் பட்டுப்போல வழவழப்பாக்க வேண்டும் என்று அதிகாரி உத்தரவு போட்டிருந்தான். பெண்களைக் கொண்டுவந்து தேய்க்க விட்டார்கள். மணலைத் தூவித் தண்ணீர் ஊற்றி, உடைந்த அம்மித் துண்டால் வட்டம் வட்டமாகத் தேய்த்தோம். விரல் நுனியெல்லாம் தோல் போனது. என் தம்பியை அனுப்பிவிட்டுப் பதித்த தரையை நான் முட்டி போட்டுத் தேய்த்தேன். எனக்கு நேர் எதிரே லெட்சுமி. அவளுக்குக் குனிய முடியவில்லை. அவள் பங்கையும் சேர்த்து ஒரு நாள் தேய்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியவில்லை. அவள் மேல் இரக்கப்பட்ட ஞாபகம் எனக்கு இல்லை.

குளியலறைக்கு வந்தபோது நீங்கள் வேலையை இழுக்க ஆரம்பித்தீர்கள். பதித்த கல்லில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பீர்கள். வாட்டம் சரியில்லை, மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்று கிராணியிடம் சொல்லிவிட்டுப் பெயர்த்துப் போடுவீர்கள். ஒரு கல்லில் வெடிப்பு என்பீர்கள். மறுபடியும் ஜெராய்க்குப் போக வேண்டும் என்பீர்கள். சிப்பி ஓடு சுட்டு எடுத்த சுண்ணாம்பு இன்னும் ஊறவில்லை என்பீர்கள். தோட்டத்துக்கு லாரி வந்து ஆள் ஏற்றிப் போகிற ஒவ்வொரு முறையும் உங்கள் வேலை முடியாமலே இருந்தது. கோவிந்தனும் உங்களோடு சேற்றில் நின்றுகொண்டிருந்தான். நீங்கள் செய்வது எனக்குப் புரிந்த அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன்.

"இவனுக்காக இப்படி நாள் கடத்தத் தெரியுதே. என் தம்பிக்காகத் தோணலியா?"

நீங்கள் கையில் இருந்த உளியைக் கீழே வைத்தீர்கள். "அன்னிக்கு எனக்கு ஒரு ராத்திரிதான் குடுத்தானுங்க," என்றீர்கள். அவ்வளவுதான். கோவிந்தன் முதுகைக் காட்டிக்கொண்டு கல்லைக் கழுவிக்கொண்டிருந்தான். கழுவின கல்லையே திரும்பத் திரும்பக் கழுவினான்.

சண்டை முடிந்தது. ஜப்பான்காரன் போனான். சயாமுக்குப் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பினார்கள். சுங்கைப் பட்டாணி ரயிலடிக்கு நீங்கள் போய்ப் போய் நின்றீர்கள். கடைசியில் பக்கத்து ஊரான திகாம் பத்துவைச் சேர்ந்த ஒருவர் நம் வீட்டைத் தேடி வந்தார். மாரிமுத்துவோடு ஒரே கொட்டகையில் படுத்திருந்தவர். மழைக்காலத்தில் வயிற்றுப்போக்கு வந்து அவன் போய்விட்டான் என்று சொன்னார். எரித்தார்களா புதைத்தார்களா என்று நான் கேட்டேன். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அவரே உங்களிடம் சொன்னார்: "நம்ம கெடாப் பக்கத்துலேர்ந்து புதுசா யார் வந்தாலும் மாரிமுத்து ஒன்னுதான் கேப்பான். பங்களாவுல கல்லு வேலை முடிஞ்சிச்சான்னு. முடிஞ்சா எங்க மாமாவையும் அனுப்பிடுவானுங்க, முடியக்கூடாதும்பான்."

நீங்கள் எழுந்து பீலியடிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றீர்கள். வாளி நிறைந்து வழிந்தது. மூடவே இல்லை. அதன் பிறகு நீங்கள் கல்வேலைக்குப் போகவில்லை. எத்தனையோ பேர் வந்து கூப்பிட்டார்கள். "கை வரல," என்று சொல்லி அனுப்பிவிட்டீர்கள். பால் கொட்டகையில் வாளி கழுவுகிற வேலையில் சேர்ந்துகொண்டீர்கள்.

நம் மகனுக்குக் காது குத்திய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். தோட்டத்து மாரியம்மன் கோயிலில் எல்லாம் தயாராக இருந்தது. தாய்மாமன் மடியில் பிள்ளையை உட்கார வைக்க வேண்டும். பூசாரி கேட்டார். நீங்கள் தயங்கித் தயங்கிச் சொன்னீர்கள், "கோவிந்தன் உட்காரட்டுமே." கோவிந்தன் புது வேட்டி கட்டி, தேங்காயும் பழமும் பிள்ளைக்கு ஒரு சட்டையும் வைத்த தட்டோடு நின்றான். உங்களிடம் கேட்டுக்கொண்டுதான் வந்திருந்தான் என்று தெரிந்தது.

"அந்த எடத்துல யாரும் உட்கார வேணாம்," என்றேன். பிள்ளையை நானே மடியில் வைத்துக்கொண்டேன். ஊரே பார்த்தது. கோவிந்தன் தட்டைக் கோயில் படியில் வைத்துவிட்டு நகர்ந்து நின்றான். ஆனால் போகவில்லை. பிள்ளை அழுதபோது அவன் கண்ணும் கலங்கியது. வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சட்டையை எடுத்துப் பிள்ளைக்குப் போட்டுவிட்டேன். நீங்கள் பார்த்தீர்கள்.

அப்படியே நாமும் வாழ்ந்துவிட்டோம். சோறு போட்டேன். சிரித்தும் இருக்கிறேன். உங்களுக்குக் காய்ச்சல் என்றால் எனக்குக் கை ஓடாது. ஆஸ்பத்திரியில் கடைசியாக நீங்கள் படுத்திருந்தபோது என்னைக் கேட்டீர்கள், "இன்னும் கோவந்தானா?"

பொய் சொல்லியிருக்கலாம். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு எனக்குப் பொய் வரவில்லை. "ஆமா," என்றேன்.

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். "சரி. இருக்கட்டும்," என்றீர்கள். பிறகு தண்ணீர் கேட்டீர்கள். நான் உங்கள் தலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொடுத்தேன்.

அன்றைக்கு லெட்சுமி வயிற்றில் இருந்தவள் சரசு. கோவிந்தனும் லெட்சுமியும் போன பிறகும் அவள் என்னை விடவில்லை. மாதம் ஒரு முறையாவது பஸ் ஏறி வந்துவிடுவாள். அத்தை என்றுதான் கூப்பிடுவாள். அவள் சிரித்தால் அப்படியே கோவிந்தன். அவள் வராத மாதம் எனக்கு என்னவோபோல இருக்கும். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாலோ, இவள் இருக்கிற இடத்தில் மாரிமுத்துவின் பிள்ளைகள் இருந்திருப்பார்கள் என்று மனசு ஓடும். நீங்கள் செய்தது சரி என்று இதுவரை என்னால் சொல்ல முடியவில்லை. தப்பு என்று அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லவும் முடியவில்லை.

நேற்று வந்திருந்தாள். வெற்றிலை மடித்துக் கொடுத்துக்கொண்டே கேட்டாள், "அத்தை, எங்க மேல உங்களுக்கு வருத்தம் இல்லியா?"

"உன் மேல என்னம்மா வருத்தம்? நீ பொறக்கவே இல்ல அப்போ."

"அப்பா மேல?"

"அவன் என்ன செய்வான் பாவம். அவன் மேலயும் இல்ல."

அடுத்த வெற்றிலையில் சுண்ணாம்பு தடவினாள். பிறகு மெதுவாக, "மாமா மேல?" என்றாள்.

நான் வெற்றிலையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். கேட்கவேண்டியவர் நீங்கள் ஒருவர்தான். நீங்கள் கேட்டுவிட்டீர்கள், நானும் சொல்லிவிட்டேன். அந்தக் கோபம் உங்களுக்கும் எனக்கும் உள்ளது. உங்களோடு வாழ்ந்த வாழ்க்கையிலிருந்து அதையும்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். இன்னொருவர் கையில் அதைக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.