ஏழு மணிக்கு உச்சி வெயில்

மச்சான்,

காட்டுப்பாக்கத்தில் என் வீட்டு ஹாலில் கடல் வாடை அடிக்கிறது. உன் வீட்டு மீன் தொட்டிக்கு நீ உப்புத் தண்ணீர் கலக்கும்போதெல்லாம் உன் சட்டையில் வந்த அதே வாடை. ஃபேக்டரியில் பக்கத்து மெஷினில் நின்ற எனக்கு அது எண்ணெய் நாற்றத்தையும் மீறித் தெரியும். "ஊட்ல மீன் கடையா வெச்சிகினுகீற?" என்று கேட்பேன். "மீனு சும்மா தொணைக்கு மாமே. பவளம்தான் மெயினு" என்பாய், ஏதோ நகைக்கடை முதலாளி மாதிரி.

உன்னைக் கல்லறையில் விட்டுவந்த சில நாளில் உன் வீட்டுக்காரி ஸ்டெல்லா கூப்பிட்டாள். "அண்ணா, அந்த லைட்டு எரியறத பாத்தா என்னால ஊட்ல இருக்க முடில. நீங்க எட்துகினு போய்டுங்க. சாவ மட்டும் உட்றாதீங்க." முத்தாபுதுப்பேட்டையிலிருந்து குட்டியானை லோடு வண்டியில் தொட்டியையும் தண்ணீர் டிரம்களையும் ஏற்றி, குழந்தையைக் கூட்டிவருவதுபோல் கொண்டுவந்தேன். அதன்பின் தினமும் அவளிடமிருந்து போன். ஒரே கேள்வி: "விரிஞ்சிச்சா?"

விரியவில்லை. சுத்தியல் முனை மாதிரி விரல்களை நீட்டி ஆடுமே உன் பச்சைப் பவளம், அது ஓட்டுக்குள் சுருண்டு கிடந்தது. இவளிடம் என்ன சொல்வேன்?

தொட்டிக்கு மேலே தொங்கும் எல்.இ.டி. விளக்கில்தான் தப்பு என்று தோன்றியது. வந்த அன்றே போன் ஆப்பில் அதன் நேரக் கணக்கைப் பார்த்துச் சிரித்திருந்தேன். காலையில் இருட்டு, மத்தியானம் லேசாக நீலம், சாயங்காலம் ஏறிக்கொண்டே போய் ஏழு மணிக்கு உச்சி வெயில்! எந்தக் கடலில் அப்படி? நான் அதை ஊர்ச் சூரியனோடு ஒத்துப்போக மாற்றிவைத்தேன். நீலம் மங்கலாகத் தெரிந்ததால் அதையும் கூட்டினேன். பவளம் வெளுக்க ஆரம்பித்தது.

அப்போதுதான் நீ கேண்டீனில் சொன்னது ஞாபகம் வந்தது. "நம்ம கண்ணுக்கு நீலம் டல்லாத்தான் தெரியும் மாமே. அதுக்கு அது பிரியாணி. ஓவரா வெச்சா வாந்தி எடுக்கும்." உள்ளே குடியிருக்கும் பாசியைத் துப்பிவிட்டுத்தான் பவளம் வெளுக்கிறதாம். மத்தியானத்தில் என் ஜன்னல் வெயிலும் தொட்டியில் விழுகிறது என்பதையும் அன்றுதான் கவனித்தேன். ஜன்னலுக்குத் திரை போட்டேன். விளக்கின் வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே குறைத்தேன்.

ஆனால் அந்த ஏழு மணி விடவில்லை. பகல் சூட்டில் தண்ணீர் கொதித்துவிடும் என்று பயந்தாயா? கரெண்ட் கட்டுக்காகவா? யோசித்து யோசித்துக் கடைசியில் ஸ்டெல்லாவையே கேட்டேன். உன் சாவுக்குப் பிறகு அவள் சிரித்ததை முதன்முதலாகக் கேட்டேன்.

"ஐய, அதெல்லாம் ஒண்ணியும் இல்லண்ணா. ஓவர்டைம் முடிச்சி அவுரு ஊட்டுக்கு வர சொல்லோ ஏழாயிடும். பகல்ல லைட்டு எரிஞ்சா அவுரு எப்போ பாக்கறது? அவுரு வந்தாத்தான் அதுக்கு மத்தியானம்."

அடப்பாவி! கடலையே ஓ.டி.க்கு மாற்றிவிட்டாயே. ஓ.டி. பக்கம் தலைவைத்துப் படுக்காத எனக்கு இது எப்படித் தோன்றும்?

உன் நேரத்தையே திரும்ப வைத்தேன். வெளிச்சத்தை வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றினேன். ஒருநாள் ஒரு விரல் எட்டிப் பார்த்தது. பிறகு மற்றவையும் வந்தன.

போன ஞாயிறு ஸ்டெல்லாவை வரச்சொன்னேன். சாயங்காலம் வந்தாள். விளக்கு ஏற ஏற, பவளம் முழுசாக விரிந்து ஆடியது. கண்ணாடியில் கைவைத்துக் குனிந்து பார்த்தாள்.

"அண்ணா, அவுரு இல்லன்னு அதுக்கு இன்னும் தெரியாது இல்ல?"

தெரியாது என்றேன். நானும் சொல்லப்போவதில்லை, மச்சான். இப்போதெல்லாம் எங்கே போனாலும் ஏழு மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். யாராவது வரவேண்டுமே.